பச்சை லேபிளுக்கு உயர்ந்த கை

ஏலத்தில் விலையை உயர்த்துவது என்று முடிவு செய்துவிட்டால், அவர் முதலில் கையிலிருக்கும் கோப்பையைக் கீழே வைப்பார். பீங்கான் மேல் பீங்கான் உட்காரும் சின்னச் சத்தம் தொலைபேசியில் 'டிக்' என்று கேட்கும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். "சரிம்மா, தூக்குங்க." விட்டுவிடலாம் என்று தோன்றினால் கோப்பை கையிலேயே இருக்கும். ஒரு மடக்கு உறிஞ்சுவார். "போகட்டும், அவரே கட்டிக்கிட்டு அழட்டும்" என்பார்.

இப்படி ஒரு பழக்கம் தனக்கு இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது. ஒன்பது வருஷமாக மறுமுனையில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் தெரியும்.

ஏலக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'மூணாம் போன்'. கூடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பழைய சரக்குக் கிடங்குதான். முன்னால் ஒரு மேடை, மேடையில் முதலாளி, அவர் கையில் மரச் சுத்தியல். எதிரே வரிசையாக மடக்கு நாற்காலிகள். இடது பக்கச் சுவரை ஒட்டி நீளமான மேஜை, அதில் நான்கு தொலைபேசிகள். நேரில் வர முடியாதவர்கள், வந்து முகம் காட்ட விரும்பாதவர்கள், இவர்களுக்காகத்தான் அந்த மேஜை. போன் ஒன்றுக்கு ஒரு பெண். கூடத்தில் நடப்பதை அவள் காதோடு காதாகச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் 'சரி' என்றால் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். அலமாரி துடைக்கத்தான் அங்கே சேர்ந்தாள். ஒரு நாள் போன் மேஜையில் ஆள் குறைந்தபோது முதலாளி அவளைப் பார்த்தார். "நீ பேசினா பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காது. வா, இந்த வேலைக்கு அதுதான் வேணும்" என்றார். வாழ்க்கையில் அவளுடைய கூச்சத்துக்கு யாரோ சம்பளம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பெரும்பாலும் மேஜை நாற்காலி, கடிகாரம், பழைய நாணயம் என்று ஏலம் போகும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இசைத்தட்டுகள் வரும். அந்த நாளில்தான் மூன்றாவது தொலைபேசி ஒலிக்கும்.

"வணக்கம்மா. ஆரம்பிச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்ல சார். நாற்காலி போட்டுட்டு இருக்காங்க."

"நம்ம ஆள் வந்தாச்சா?"

'நம்ம ஆள்' என்பது முன் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்காரும் பல் டாக்டர். போனில் பேசுகிறவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் கூடத்தில் எல்லோருக்கும் அவர் சர்வேயர். பல் டாக்டரும் சர்வேயரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஆனால் ஒன்பது வருஷமாக ஒருவர் தூக்கத்தை இன்னொருவர் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் ஒரு கம்பெனியின் தட்டுகளுக்காக. எந்தக் காலத்திலோ நடந்து நொடித்துப்போன சின்னக் கம்பெனி அது. மொத்தமே அறுபது தட்டுகள்தான் போட்டது. கையிலிருந்து நழுவினால் சில்லுச் சில்லாக உடைகிற அரக்குத் தட்டுகள். அதிலும் நாற்பத்தொன்றாம் தட்டை முதலில் பச்சை லேபிள் ஒட்டி வெளியிட்டார்களாம். ஒரு பக்கத்துப் பாட்டின் பெயர் மறு பக்கத்தில் அச்சாகிவிட்டது என்று கம்பெனிக்காரர் கோபப்பட்டு, கடைகளிலிருந்து திரும்ப வாங்கி உடைத்துப் போட்டுவிட்டு, சிவப்பு லேபிளோடு மறுபடி போட்டார். சிவப்பு ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். உடைபடாமல் தப்பித்த பச்சை ஒன்றே ஒன்றுதான் என்று பேச்சு. அது பல் டாக்டரிடம் இருந்தது.

"ரெண்டுலயும் ஒரே பாட்டுதானே?" என்று ஒரு நாள் ரெண்டாம் போன் கேட்டாள். அவள் பக்கத்து இருக்கைக்காரி, வாய் ஓயாதவள்.

"ஒரே பாட்டு, ஒரே குரல்" என்றார் முதலாளி.

"அப்போ காகிதத்துக்கா சார் காசு? அந்தப் பாட்டை நான் இப்பவே என் செல்போன்ல ஓசியா போட்டுக் காட்டுவேன்."

"நீ போட்டுக் காட்டினா எல்லாருக்கும் கேக்கும். எல்லாருக்கும் கேக்கிறதுக்கு எவன் காசு தருவான்? ஒருத்தன் ஆசைப்பட்டா அது வெறும் ஆசைம்மா. ரெண்டு பேர் ஆசைப்பட்டாத்தான் விலை. நமக்கு ஒரு டாக்டரும் ஒரு சர்வேயரும் வாய்ச்சிருக்காங்க. நல்லா இருக்கட்டும்."

மூணாம் போனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட்டைப் பற்றி எதுவும் தெரியாது. தட்டு சுழலுகிற பெட்டி ஒன்றும் அவளிடம் இருந்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கூடத்தில் யார் முகம் எப்படிப் போகிறது என்பதுதான். அதைச் சொல்வதற்கு ஒரு காது இருந்தது.

"இப்ப டாக்டர் மூஞ்சி எப்படிம்மா இருக்கு?"

"தன் பல்லைத் தானே பிடுங்கிக்கிட்ட மாதிரி இருக்கு சார்."

அந்தப் பக்கம் சிரிப்பு இருமலாக மாறும். இருமல் அடங்கும்வரை காத்திருப்பாள். அவள் சொல்லி யாரோ சிரிப்பது அந்த ஒரு இடத்தில்தான். வெளியே அவள் வாயிலிருந்து ஒரு வாக்கியம் முழுசாக வருவதற்குள் எதிரே இருப்பவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

அவள் குடியிருந்தது ஒரு தையல் கடைக்கு மேலே, ஒற்றை அறையில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். வெளியூரில் இருந்த அக்கா வாரம் ஒரு தடவை கூப்பிடுவாள். "சாப்பிட்டியா? உடம்பு பரவாயில்லையா? சரி, வச்சிடறேன், அடுப்புல ஏதோ இருக்கு." எந்த நேரம் கூப்பிட்டாலும் அக்காவின் அடுப்பில் ஏதோ இருக்கும். கீழே தையல் இயந்திரங்கள் நிற்கும் நேரத்தில் மாடியில் ஒரு சத்தமும் இருக்காது. தட்டு ஏலத்துக்கு முந்தின நாள் மட்டும், மறுநாள் சொல்ல என்னென்ன கிடைக்கும் என்று யோசித்தபடி பாத்திரம் கழுவுவாள்.

பிறகுதான் அந்த ஏலம் வந்தது. யாரோ ஒரு வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடந்த கட்டிலிருந்து இரண்டாவது பச்சை லேபிள் ஒன்று வெளியே வந்தது. கீறல் இல்லை, விரிசல் இல்லை. முதலாளி அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு கூடம் முழுக்க நடந்தார்.

சர்வேயரிடம் அறுபதில் ஐம்பத்தொன்பது இருந்தன. சிவப்பை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை, இந்தப் பச்சை ஒன்றுதான் பாக்கி.

அன்றைக்குக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். சர்வேயர் வழக்கம்போல வணக்கம் சொன்னார். 'நம்ம ஆள்' பற்றிக் கேட்கவில்லை. அவளே சொன்னாள், புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறார் என்று. "ஓ" என்றார், அவ்வளவுதான்.

ஏலம் ஆரம்பித்தது. முதலில் நாலைந்து கைகள் உயர்ந்தன, விலை ஏற ஏற ஒவ்வொன்றாக மடியில் இறங்கின. கடைசியில் டாக்டரும் மூன்றாவது தொலைபேசியும்தான் மிச்சம். டாக்டர் பேனாவைத் தூக்குவார். இவள் காதில் 'டிக்' என்று கேட்கும், "தூக்குங்க" என்று குரல் வரும், இவள் கை உயரும். கூடம் பந்து விளையாட்டு பார்ப்பதுபோல இங்கும் அங்கும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. சிவப்பு லேபிளை வண்டி வண்டியாக வாங்கக்கூடிய விலையைத் தாண்டிப் போய்விட்டது.

டாக்டர் மறுபடி பேனாவைத் தூக்கினார்.

காதில் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு மட்டும்.

"சார், டாக்டர் தூக்கியிருக்கார்" என்று கிசுகிசுத்தாள்.

போனைக் காதோடு இன்னும் அழுத்தினாள்.

"ஒரு தரம்" என்றார் முதலாளி. அவளைப் பார்த்தார். "மூணாம் போன், என்ன சொல்றார்?"

அவள் ஒரு விரலைக் காட்டினாள், கொஞ்சம் இருங்கள் என்று. "சார்?"

"ரெண்டு தரம்."

சுத்தியல் மேலே போனது. ஒன்பது வருஷம் அந்த மனிதர் இந்த ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். இப்போது போனால் அடுத்தது எந்தப் பரணிலிருந்து வரும்? அப்போது கேட்டது அந்தச் சத்தம். டிக்.

அவள் கை தானாக மேலே போயிற்று.

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். முதலாளி புது விலையை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். "மூணு தரம்!" சுத்தியல் விழுந்தது. கூடம் கைதட்டியது.

"உங்களுக்கே விழுந்துடுச்சு சார்" என்றாள். அவள் குரல் அன்றைக்குப் பக்கத்து இருக்கைக்காரிக்குக்கூடக் கேட்டது.

"எது விழுந்துச்சு?"

"பச்சை லேபிள் சார்."

கோபம் இல்லாமல், குழப்பமாக அவர் சொன்னார். "நான் ஒண்ணும் சொல்லலையேம்மா."

தூரத்தில் ஒரு பெண் குரல், "அப்பா, யாருகிட்ட பேசிட்டு இருக்கீங்க?" என்று கேட்டது. இணைப்பு அறுந்தது.

மறைக்க அவளுக்குத் தெரியாது. கூட்டம் கலைந்ததும் முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னாள். முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"வாயால சொல்லாம எப்படிம்மா கை தூக்கின?"

"கோப்பை சத்தம் கேட்டுச்சு சார்."

"என்ன சத்தம்?"

சொன்னாள். ரெண்டாம் போன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி, டீக் கோப்பை சொல்லி ஏலம் எடுத்தவ உலகத்துலயே நீ ஒருத்தியாத்தான் இருப்பே!"

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படித் தவறு நடந்தால் அடுத்தபடியாகக் கேட்டவருக்கு அவர் கேட்ட விலைக்கே கொடுப்பது அங்கே வழக்கம். டாக்டர் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். முதலாளி ஓடிப்போய் அழைத்து வந்தார்.

"அப்போ கடைசியா அவர் கேக்கலையா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க, எங்க பொண்ணு அவசரப்பட்டுட்டா. பொருள் உங்களோடதுதான்."

டாக்டர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகத்தில் இருந்த பசி எங்கேயோ போய்விட்டதை மூணாம் போன் கவனித்தாள்.

"எனக்கு எதுக்குங்க? என்கிட்டதான் ஒண்ணு இருக்கே."

"அப்புறம் எதுக்கு சார் அவ்வளவு தூரம் கேட்டீங்க?"

"அவர்கிட்ட போயிடக் கூடாதுன்னுதான்" என்றார், இதைக்கூடவா விளக்க வேண்டும் என்பதுபோல. "அவர் விட்டுட்டார்னா எனக்கும் வேணாம்."

அவர் போன பிறகு முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தட்டைக் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கூடத்தின் பெயர் கெட்டுவிடும். ரொம்ப நேரம் சுத்தியலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"தட்டை எடுத்துக்கிட்டு நீயே சர்வேயர் வீட்டுக்குப் போ. அவர் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டார்னா ஒண்ணும் நடக்கல, நீ பழையபடி உக்காரலாம். இல்லேன்னா இனிமே போன் பக்கம் வராதே. பின்னாடி பார்சல் கட்டற இடத்துக்குப் போயிடு. சம்பளத்துல நான் கை வைக்கல. ஆனா போன்ல உன்னை உக்கார வைக்க முடியாது."

சம்பளம் குறையாது என்று அவர் சொன்னது கருணையாகத்தான். அவளுக்கு அது காதில் ஏறவில்லை.

மறுநாள் தட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். ஒரு மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்தவள் சர்வேயரின் மகள். மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அந்த போன்?"

தலையாட்டினாள்.

"எங்ககிட்ட ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேசமாட்டார். உங்ககிட்ட மட்டும் மணிக்கணக்கா என்னதான் பேசுவார்?"

அதில் சந்தேகமும் இருந்தது, பொறாமையும் இருந்தது. மூணாம் போன் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏலம்தான்" என்றாள்.

உள்ளே பாதி வீடு அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தது. அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போக மகள் வந்திருந்தாள். மிச்சமிருந்தது சுவர் நீளத்துக்கு ஒரு மர அலமாரி. அதில் ஐம்பத்தொன்பது தட்டுகள், முதுகில் எண் எழுதிய உறைகளில், ஒரே உயரமாக நின்றன. நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. அலமாரிக்கு எதிரே சாய்வு நாற்காலியில் அவர்.

குரலை வைத்து அவள் நினைத்திருந்ததைவிட ஆள் உருவத்தில் ரொம்பச் சிறியவர். சட்டையின் கழுத்துப் பட்டை அவருக்குப் பெரிதாகித் தொங்கியது. அவரும் அவளைப் பார்த்துத் தன் மனதில் இருந்த உருவத்தை மாற்றிக்கொண்டதுபோலத் தெரிந்தது.

"வாங்கம்மா. உக்காருங்க."

"இருக்கட்டும் சார்."

"பஸ்லயா வந்தீங்க?"

"ஆமா சார்."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. மகள் சமையலறையிலிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்தாள், 'டிக்' என்று. மூணாம் போனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோப்பையை வைத்த கையைப் பார்த்தாள். நேற்று கேட்ட அந்தச் சத்தம் யார் வைத்த கோப்பையுடையது என்று யாரும் சொல்லாமலே விளங்கியது.

அவர்தான் மறுபடி ஆரம்பித்தார். "நேத்து டாக்டர் மூஞ்சி எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எதிரே ஒரு முகம் இருந்தால் அவளுக்கு வராது. தரையைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். கடைசியில் "தெரியல சார்" என்றாள். அவர் தலையாட்டினார். பாவம், அவரும் வெட்கப்பட்டார்.

பெட்டியைத் திறந்து காட்டினாள். அவர் தட்டைத் தொடவில்லை. கழுத்தை நீட்டிப் பச்சைக் காகிதத்தைப் பார்த்தார்.

"இதுல பாட்டு ஒண்ணும் பிரமாதமில்லம்மா. சிவப்புல கேட்டிருக்கேன். பாடின அந்தம்மாவுக்கு மேலே போனா குரல் பிசிறடிக்கும்."

"அப்புறம் ஏன் சார்?"

ஒன்பது வருஷத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாட்டுன்னா எப்பவோ கேட்டு முடிச்சிருப்பேன். தேடறதுக்கு ஒண்ணு பாக்கி இருந்துச்சு. காலையில எழுந்தா அது இருக்கும். எவனோ ஒருத்தன் எனக்கு முன்னாடி அதை எடுத்துடுவானோன்னு ஒரு பயம் இருக்கும். அந்தப் பயம் நல்லா இருக்கும்மா. அதுக்குத்தான் அவ்வளவு விலை. நேத்து நீங்க 'டாக்டர் தூக்கியிருக்கார்'னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் தோணுச்சு. இதுவும் வந்துட்டா அறுபதும் ஆச்சு. அப்புறம் நான் எதுக்கு உங்களுக்கு போன் பண்ணுவேன்?"

அவள் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாய் வரல. விட்டுடலாம்னுதான் பேசாம இருந்தேன்."

முதலாளி சொன்னதை அவள் இன்னும் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் ஏன் இவ்வளவு தூரம் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்று நில அளவை செய்த மனிதருக்குக் கணக்குப் போடத் தெரியாதா? "நான் எடுத்துக்கலேன்னா உங்களை என்ன பண்ணுவாங்க?" என்றார்.

"பார்சல் கட்டப் போகச் சொல்லிட்டார் சார். போன் கிடையாது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ நான் சொன்னேன்னே சொல்லிடறேன். 'தூக்குங்க'ன்னு நான்தான் சொன்னேன். தட்டை இங்க வச்சிட்டுப் போங்க."

"அப்பா!" என்றாள் மகள் வாசற்படியிலிருந்து. "இருக்கிறதையே எங்க வைக்கிறதுன்னு தெரியல. கையில இருக்கிறதெல்லாம் இதுக்கே போயிடும். நான் என்ன உங்களைக் காட்டுக்கா கூட்டிட்டுப் போறேன்? ஒரே ஒரு அறைதான் உங்களுக்குக் குடுக்க முடியும்."

அவர் மகளைப் பார்க்கவில்லை. மூணாம் போனைத்தான் பார்த்தார். அவர் நினைத்தால் முடியும். அவள் தலையாட்டினால் போதும். அடுத்த ஏலத்தில் மூன்றாவது போன் ஒலிக்காவிட்டாலும் அந்த இருக்கை அவளுடையதாக இருக்கும், யாரோ ஒருவர் காதில் அவள் பேசிக்கொண்டிருப்பாள்.

நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அவள் பார்த்தாள். அதை அடைத்துவிட்டு, அலமாரியோடு சேர்த்து எங்கேயாவது ஒரு கிடங்கில் பூட்டுவார்கள்.

"வேணாம் சார்" என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "நீங்க விட்டுட்டீங்க. நான்தான் விடல."

பெட்டியை மூடினாள். தேநீர் ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்காமல் எழுந்தால் மரியாதையில்லை என்று நின்றபடியே குடித்தாள். மகள் படிவரை வந்து, பெட்டியோடு இறங்க விளக்கைப் போட்டாள். "பார்த்துப் போங்க" என்றாள், இந்தத் தடவை வேறு குரலில்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவள் பின்கட்டுக்குப் போனாள். அங்கே வைக்கோல் தூசி, கோணிக் கட்டு, சணல் உருண்டை, ஒரு நீள மேஜை. கூடத்தில் நடக்கும் ஏலம் சுவருக்கு அந்தப் பக்கம் இரைச்சலாக மட்டும் கேட்கும். யார் முகம் எப்படிப் போகிறது என்று தெரியாது, சொல்லவும் ஆளில்லை.

அடுத்த தட்டு ஏலத்துக்குள் சர்வேயரின் அலமாரியே கூடத்துக்கு வந்துவிட்டது. மகள் அனுப்பிவைத்தாள். முதலாளி பச்சை லேபிளைக் கொடுத்தவரிடம் ஏதோ பேசிச் சரிக்கட்டி, அதையும் இதோடு சேர்த்து, அறுபதையும் ஒரே பொருளாக ஏலத்தில் வைத்தார். நல்ல விலை போகும் என்று எதிர்பார்த்தார். மேடைக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனதால் அன்றைக்கு மூணாம் போன் ஓரமாக நின்று பார்க்க முடிந்தது.

டாக்டர் பேனாவைத் தூக்கினார். தூக்கிவிட்டுச் சுவர் ஓரத்து மேஜையைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது இருக்கையில் புதுப்பெண் ஒருத்தி நகம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தரம். டாக்டர் இன்னும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு தரம். மூணு தரம். முதலில் கேட்ட விலைக்கே அறுபதும் விழுந்துவிட்டன. யாரும் கைதட்டவில்லை.

அவற்றைக் கட்டியது அவள்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அட்டை வைத்து, சுற்றிலும் வைக்கோல் அடைத்துச் சணலால் இறுக்கினாள். எடுத்துப் போக டாக்டர் பின்வாசலுக்கு வந்தார்.

"ரொம்ப மலிவாக் கிடைச்சிடுச்சும்மா" என்றார், யாரோ ஏமாற்றிவிட்டதுபோல.

அவள் முடிச்சைப் போட்டாள்.

"அவர் இனிமே வரவே மாட்டாரா?"

"மாட்டார் சார்."

டாக்டர் பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. குரலாவது எப்படி இருக்கும்?"

அவள் யோசித்தாள். குனிந்து சணலை வெட்டிக்கொண்டிருந்ததால் அவர் முகம் தெரியவில்லை, அதனால் சொல்ல முடிந்தது. "மெதுவா இருக்கும் சார். சிரிச்சா இருமல் வந்துடும். நீங்க ஜெயிச்சா, 'போகட்டும், அவரே கட்டிக்கிட்டு அழட்டும்'னுவார்."

டாக்டருக்கு அது பிடித்திருந்தது. இன்னும் ஏதாவது சொல்வாளா என்று சிறிது நேரம் நின்றார். பிறகு ஆள் வைத்துப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார். அதற்குப் பிறகு அவர் ஏலத்துக்கு வந்ததாக யாரும் சொல்லவில்லை.

மழைக்காலத்து ஏலம் ஒன்றின்போது ரெண்டாம் போன் பின்கட்டுக்கு ஓடி வந்தாள்.

"ஏய், உன் சர்வேயர் போன் பண்ணார்டி! மூணாம் நம்பருக்கு. புதுப் பொண்ணு எடுத்தா."

கையிலிருந்த சணல் உருண்டை உருண்டு போயிற்று. "என்ன கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கல. என்ன பொருள் வேணும்னு இவ கேட்டிருக்கா. சும்மா இருந்திருக்கார். கூடத்துல யார் யார் வந்திருக்காங்கன்னு கேட்டாராம். இவ, 'நிறையப் பேர் சார்'னு சொல்லிட்டா. சரின்னு வச்சிட்டார்."

"எப்போ?"

"இப்பத்தான். நான் உன்னைக் கூப்பிடலாம்னு எந்திரிக்கறதுக்குள்ள வச்சிட்டார்."

கூடத்தில் சுத்தியல் விழுந்தது. ரெண்டாம் போன் தன் இருக்கைக்கு ஓடினாள்.

சர்வேயர் மகள் வீட்டில்தான் இருக்கிறார். அங்கத்துத் தொலைபேசி எண்ணை, மகள் அனுப்பிய பெட்டிகளின் முகவரிச் சீட்டிலிருந்து மூணாம் போன் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு முறை கூப்பிட்டாள். மகள் எடுத்து "யாரு?" என்று கேட்டதும் பேசாமல் வைத்துவிட்டாள். இரண்டு பச்சை லேபிளும் டாக்டரிடம் இருக்கின்றன. அவற்றுக்கு இப்போது விலை கேட்பவர் யாரும் இல்லை. மூன்றாவது தொலைபேசியில் புதுப்பெண் உட்காருகிறாள். இவளைக் கூடத்தில் இன்னமும் மூணாம் போன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் பின்கட்டில் பார்சல் கட்டுகிறாள்.